முன்காசும் பின்காசும்: கையடக்கத் தொலைபேசிக் கட்டணத்தின் சமூக வரலாறு

பொருளை முதலிற் கொடுத்துப் பணத்தைப் பின்னர் வாங்குவதா, பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு பொருளைப் பின்னர் கொடுப்பதா என்ற வினா வாணிகத்தோடு உடன்பிறந்தது. மேலோட்டமாக நோக்குவோருக்கு இது கணக்குப்பிள்ளையின் வினாவாகத் தோன்றும். ஆயின் இதனுள்ளே நம்பிக்கையின் வரலாறு அடங்கியிருக்கின்றது. யார் யாரை நம்புகிறார்கள், யாரை நம்ப மறுக்கிறார்கள், அந்த மறுப்புக்குரிய செலவு யார் தலையிற் சுமத்தப்படுகின்றது என்பனவற்றையெல்லாம் ஒரு சமுதாயத்தின் கட்டண முறைகள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன.

அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே கிடக்கும் பாலமுனையில் இந்த வினா நாள்தோறும் எழுகின்றது. கடலுக்குப் போகும் குடும்பங்களும், வயல் செய்யும் குடும்பங்களும், ஒருவரையாவது கட்டாருக்கோ சவூதிக்கோ அனுப்பிவிட்டு மாதக் காசுக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் வாழும் ஊர் இது. கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு இங்கே அரிது. ஆயின் அத்தொலைபேசிகளுள் மிகப் பெரும்பாலானவை ‘ரீலோட்’ போட்டால் பேசும், போடாவிட்டால் ஊமையாகிவிடும் வகையைச் சேர்ந்தவை. மாதம் முழுவதும் பேசிவிட்டு மாத முடிவிற் பில் வரப்பெறுவோர் சில ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கடை முதலாளிகளுமே. முன்னதை முற்கொடுப்பனவு என்றும் பின்னதைப் பிற்கொடுப்பனவு என்றும் நிறுவனங்களின் தமிழ் விளம்பரங்கள் வழங்குகின்றன. இவ்விரண்டில் எது இலாபம் என்று கேட்போர் பலர். மாணவர்களும் கேட்கிறார்கள். அதற்கு விடை கூறுமுன், ஓர் ஊர் ஏறக்குறைய முழுவதும் ஏன் முதலாவது வகையில் நிற்கின்றது என்பதை ஆராய்தல் வேண்டும்.

முன்காசு முறை கைபேசியோடு வந்த புதுமை என்று கருதுவது பிழை. 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்தி வந்தார். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழை வீட்டு வாசலிற் கடிதம் வந்து நிற்பது மகிழ்ச்சியோடு அச்சத்தையும் கொண்டுவந்தது. கவிஞர் கோல்ரிட்ஜைப் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. ஒரு பெண் தன் சகோதரனிடமிருந்து வந்த கடிதத்தைக் காசு கொடுக்க இயலாமல் திருப்பிக் கொடுத்ததைக் கண்டு, இரங்கி, அவர் காசைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கினாராம். உள்ளே ஒன்றுமே எழுதப்படவில்லை. வெறுந்தாள் வந்தால் சகோதரன் நலம் என்பது அவ்விருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு. கதை நடந்ததோ இல்லையோ, அதன் உட்பொருளை நம்மூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு தடவை மணியடித்து நிறுத்தினால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’, இரண்டு தடவை அடித்தால் ‘நீ எடு’ என்று ‘மிஸ் கோல்’ மொழி பேசி வளர்ந்தவர்கள் நாம். கட்டணம் எங்கே மக்களின் கைக்கு எட்டாததாகின்றதோ, அங்கே மௌனத்தையே செய்தியாக்கும் தந்திரத்தை மக்கள் கண்டுகொள்கிறார்கள்.

ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் வெளியிட்ட சீர்திருத்தத் திட்டத்தின்படி 1840 ஜனவரியில் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் முத்திரை வந்தது. அனுப்புபவர் முன்கூட்டியே செலுத்த வேண்டும். நாடெங்கும் ஒரே விலை. இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் முதலாந் திகதி வெளியிடப்பட்டது. முன்காசு இங்கே ஏழைக்கு விடுதலையாக அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விடுதலைக்கு மூன்று காரணங்கள் இருந்தன என்பதை மறத்தலாகாது. விலை பன்மடங்கு குறைக்கப்பட்டது; செல்வனுக்கும் ஏழைக்கும் விலை ஒன்றாயிருந்தது; வாங்கிய முத்திரை முப்பது நாளிற் செத்துப்போகவில்லை.

இம்மூன்றும் இல்லாத முன்காசு எவ்வாறிருக்கும் என்பதை அதே இங்கிலாந்தின் இன்னோர் அத்தியாயம் காட்டுகின்றது. 1887இல் பர்மிங்காமைச் சேர்ந்த பிரவுன்ஹில் என்பவர் நாணயம் போட்டால் எரிவாயு தரும் மானி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை எரிவாயு விளக்கு, தவணைக்கொரு தடவை பில் கட்டக்கூடிய நடுத்தர வகுப்பாரின் வீடுகளில் மட்டுமே எரிந்தது. வாரக் கூலியில் வாழும் குடும்பம் மூன்று மாதப் பில்லைக் கட்டுமென்று கம்பனிகள் நம்பவில்லை. 1892 முதல் இலண்டனின் தென்பகுதியில் தென் பெருநகர எரிவாயுக் கம்பனி பென்னி மானிகளைத் தொழிலாளர் வீடுகளிற் பொருத்தத் தொடங்கியது. மானியும் இலவசம், அடுப்பும் இலவசம். அவற்றின் செலவும் நாணயம் சேகரிப்போரின் கூலியும் எரிவாயுவின் விலையிலே ஏற்றப்பட்டன. ஆகவே பென்னி போட்ட தொழிலாளி, பில் கட்டிய கனவானிலும் பார்க்க ஓர் அலகுக்குக் கூடுதலாகக் கொடுத்தான்.

அக்கம்பனியின் தலைவர் ஜோர்ஜ் லிவ்சி. அவர் பெயர் தொழிற்சங்க வரலாற்றில் வேறொரு காரணத்தால் நிலைத்திருக்கின்றது. வில் தோர்ன் தலைமையில் எழுந்த எரிவாயுத் தொழிலாளர் சங்கம் 1889இல் எட்டு மணி நேர வேலைநாளை வென்றெடுத்தது. தோர்னுக்கு எழுத்தறிவில் உதவி, அச்சங்கத்தின் நிர்வாகத்திலும் பணிபுரிந்தவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். அச்சங்கத்தை உடைப்பதற்கு லிவ்சி கையாண்ட கருவி, இலாபத்திற் பங்கு தருவதாகச் சொல்லித் தொழிலாளர்களிடம் கையொப்பம் வாங்கிய பன்னிரண்டு மாத ஒப்பந்தமாகும். அதனை எதிர்த்த வேலைநிறுத்தம் 1890இன் தொடக்கத்தில் தோல்வியுற்றது. இரண்டாண்டுகளின் பின் அதே கம்பனி அதே தொழிலாளரின் வீட்டிற் பென்னி மானியை மாட்டியது. உழைப்பை விற்கும்போது அவனுக்கு ஒப்பந்தம். எரிவாயுவை வாங்கும்போது அவனுக்கு முன்காசு. ஒரே மனிதன் இரு வாசல்களிலும் வரிசையின் கடைசியில் நின்றான்.

கூலியும் ஒரு கட்டணமே. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் இதனைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை முதலிற் கொடுத்துவிட்டு வாரக் கடைசியிலோ மாதக் கடைசியிலோதான் கூலி பெறுகிறான், ஆகவே எங்கும் முதலாளிக்குக் கடன் கொடுப்பவன் தொழிலாளியே. இன்றைய மொழியிற் சொல்வதாயின், உழைப்பு எப்போதும் பிற்கொடுப்பனவு. முப்பது நாள் கடன் கொடுத்து உழைக்கும் மனிதனை, முப்பது ரூபாய்க்கு ஒரு தொலைபேசி நிறுவனம் நம்ப மறுக்கின்றது.

முற்பணம் எதிர்த்திசையிற் பாயும்போது, அதாவது வல்லவன் எளியவனுக்கு முன்கூட்டிக் கொடுக்கும்போது, அதன் பெயர் மாறிவிடுகின்றது. மலையகத்துக்கு அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்குக் கங்காணி கொடுத்த முற்பணம் அவர்களின் கழுத்திற் கட்டிய கயிறாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய துரை கடனை ஏற்றுக்கொண்டால் கடனோடு ஆட்களும் கைமாறுவார்கள். அத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நம் கரையிலும் போடியார் முல்லைக்காரருக்கு விதைப்புக் காலத்தில் நெல்லும் காசும் முன்கொடுத்துச் சூடடிப்பின்போது களத்திலேயே கழித்துக்கொண்டார். கரைவலை முதலாளி முற்பணம் கொடுத்து ஆட்களைப் பருவம் முழுவதும் தம் வலையில் நிறுத்திக்கொண்டார். எளியவன் வாங்கும் முற்பணம் அவனைக் கட்டிப்போடும். ஆனால் எளியவன் கம்பனிக்குக் கொடுக்கும் முற்பணம் கம்பனியைச் சிறிதும் கட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே தொலைபேசியின் கதைக்கு வருதல் வேண்டும்.

இலங்கையிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858இல் தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. தொலைபேசி அதன்பின் வந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அது கந்தோர்களின் பொருளாகவும் பெரிய வீடுகளின் பொருளாகவுமே இருந்தது. 1990ஆம் ஆண்டளவில் நூறு பேருக்கு ஓர் இணைப்புக்கூட நாட்டில் இருக்கவில்லை. விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தார். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் முளைத்த ‘கொமினிக்கேஷன்’ கடைகளே சாதாரண மக்களின் தொலைபேசி. மத்திய கிழக்கிலிருந்து வரும் அழைப்புக்காகக் குறித்த நேரத்திற் கடை வாசலிலே குடும்பத்தோடு காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. கடைக்காரர் நிமிடத்தை எண்ணுவார். பேசி முடித்தபின் காசு வாங்குவார். பேசியதற்குப் பின்காசு! முகம் தெரிந்த இடத்தில் அது இயல்பாகவே இருந்தது.

1989இற் செல்டெல் என்னும் நிறுவனம் தென்னாசியாவிலேயே முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையை இலங்கையில் ஆரம்பித்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், அதுவரை அரசாங்கத் திணைக்களமாக இருந்ததைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1997இல் அதன் பங்குகளில் 35 சதவீதம் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1993இல் மொபிடெல் வந்தது. 1995இல் மலேசிய மூலதனத்தோடு டயலொக் தன் இலக்கமுறைச் சேவையைத் தொடங்கியது. அந்நாட்களில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பைப் பெறுபவரும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஹில்லுக்கு முந்திய கடிதம் மீண்டும் வந்து வாசலில் நின்றது! இந்தியாவில் 2003 மே மாதத்தோடு பெறுபவர் கட்டணம் நீங்கியது. நம் நாட்டில் அது பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்துக் கைபேசி முழுவதும் பிற்கொடுப்பனவே. அதற்குரிய இயந்திர முறையே அவ்வாறிருந்தது. ஒவ்வோர் அழைப்பும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று நிலையத்திற் பதிவாகும். மாத முடிவில் அப்பதிவுகள் கூட்டப்பட்டுப் பில்லாகும். ஆகவே வாடிக்கையாளருக்கு நிரந்தர முகவரி வேண்டும், வருமானத்துக்குச் சான்று வேண்டும், வைப்புப் பணம் வேண்டும். முற்கொடுப்பனவு வருவதற்கு, அழைப்புத் தொடங்குமுன்னரே மீதியைப் பார்த்து, பேசப்பேசக் கழித்து, மீதி தீர்ந்த கணத்தில் தொடர்பை அறுக்கும் கணினி தேவைப்பட்டது. அந்த ஏற்பாட்டை 1995இற் போர்த்துக்கலின் டி.எம்.என். நிறுவனம் ‘மிமோ’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. மறு ஆண்டு இத்தாலியில் டிம் நிறுவனம் அதனைப் பின்பற்றியது. இத்தாலியில் ஒப்பந்த முறைக் கைபேசிக்கு அரசாங்கம் மாதாந்த வரியொன்றை விதித்திருந்தது. முற்கொடுப்பனவுக்கு அவ்வரி இல்லை. மக்கள் பெருந்திரளாக முன்காசின் பக்கம் சென்றதற்கு அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவிலோ கதை வேறு. அங்கே இரண்டாண்டு ஒப்பந்தத்திற் கையொப்பமிடுபவனுக்குக் கருவி மலிவாகக் கிடைத்தது. 2007இல் ஐபோன் வெளிவந்தபோதும் ஏ.டி. அன்ட் டி. கம்பனியோடு இரண்டாண்டு ஒப்பந்தம் செய்தோரே அதனைப் பெற்றனர். கடன் தகுதிப் பதிவு இல்லாத ஏழைகளும் குடியேறிகளும் அங்கே முன்காசுக்குத் தள்ளப்பட்டனர். நம் நாட்டிற் பெரும்பான்மையோர் நிற்கும் இடம் அங்கே ஒதுக்கப்பட்டோரின் இடமாக இருந்தது.

இலங்கையில் ‘கிட்’ போன்ற பெயர்களில் முற்கொடுப்பனவு அட்டைகள் அறிமுகமானபோது முதலிற் சுரண்டும் அட்டை வந்தது. நாணயத்தாற் சுரண்டி இலக்கத்தைப் பார்த்து அழுத்த வேண்டும். பின்னர் அட்டையே தேவையற்றதாயிற்று. கடைக்காரர் தம் தொலைபேசியிலிருந்து நம் தொலைபேசிக்குப் பணத்தை ஏற்றிவிட்டார். இம்முறையைச் சிறு தொகைகளுக்கு இறக்கிக் காட்டிய முன்னோடி பிலிப்பைன்ஸ். அங்கே ஸ்மார்ட் நிறுவனம் 2003இல் 30 பேசோ அளவிலான ஏற்றங்களை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு பேராசிரியர் பிரகலாத் ‘பிரமிட்டின் அடித்தளத்துச் செல்வம்’ பற்றி நூலெழுதி, ஏழைகளுக்குச் சிறு பொதிகளில் விற்பதே வாணிகத்தின் எதிர்காலம் என்றார். தமிழருக்கு இது புதிய ஞானம் அன்று. கடலூர் சின்னி கிருஷ்ணன் 1970களிலேயே ஷாம்புவைச் சிறு பைக்கற்றுகளில் அடைத்து விற்கும் வழியைக் காட்டிவிட்டார். பிரகலாத் அடித்தளத்திற் செல்வத்தைக் கண்டார். அந்தச் செல்வம் யாருடைய பைக்குப் போய்ச் சேர்கின்றது என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

எனினும் நடுவுநிலைமை தவறி எழுதுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. முற்கொடுப்பனவு இல்லாவிடின் பாலமுனையின் மீனவனுக்கும் கூலிக்காரனுக்கும் தொலைபேசி இன்னும் இருபதாண்டு பிந்தியே வந்திருக்கும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கின்றது, தோணிகள் கரையிற் கிடக்கின்றன, கையிற் காசில்லை. அந்த மாதங்களில் மாதாந்த வாடகை ஓடிக்கொண்டிருக்குமாயின் அது கடனாகும், கடன் கடிதமாகும், கடிதம் வக்கீல் நோட்டீஸாகும். முற்கொடுப்பனவுக்காரன் செலவைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு, வரும் அழைப்புக்காக மட்டும் தொலைபேசியை வைத்திருக்கிறான். வருமானம் ஒழுங்கற்றவனுக்கு ஒழுங்கான பில் ஒரு தண்டனை. இதனை நம் மக்கள் கணக்கெழுதாமலே கணித்திருக்கிறார்கள். முற்கொடுப்பனவை அறியாமையின் விளைவென்று பேசும் படித்தவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முகவரிச் சான்றின் பொருளைக் கடலும் நமக்குக் கற்பித்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. நாட்டிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் இதுவே. வீடிழந்தோர் கொட்டில்களிலும் பாடசாலைகளிலும் தங்கினர். சவூதி அரேபியாவின் உதவியோடு அக்கரைப்பற்று நுரைச்சோலையிற் கட்டப்பட்ட 500 வீடுகள் பகிர்ந்தளிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கிற் பாழடைந்து கிடந்தன என்பது நாடறிந்த செய்தி. தன் பெயரில் மின்சாரப் பில் இல்லாத மனிதனுக்கு எந்த நிறுவனம் மாதக் கடனுக்குத் தொலைபேசி தரும்? அடையாள அட்டையோடு போய் ‘சிம்’ வாங்கியவர்கள் உறவுகளைத் தேடிப்பிடித்தார்கள். வீடும் நிலமும் தம் பெயரில் இல்லாத பெண்கள் பலருக்கும், தம் பெயரிற் பதிவான முதற்பொருள் அந்தச் சிறு அட்டையாகவே இருந்தது.

லேர்ண் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனம் 2006இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலும் வறியோரின் தொலைபேசிப் பாவனையை ஆராய்ந்தது. கைபேசி வைத்திருந்த வறியோருள் மிகப் பெரும்பான்மையோர் முற்கொடுப்பனவிலேயே இருந்தனர். கம்பனி அவர்களை நம்பவில்லை. அந்த அவநம்பிக்கையே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. வரலாறு இத்தகைய முரண்களைப் பல தடவை நமக்குக் காட்டியிருக்கின்றது.

கதவுக்கு வாடகை உண்டு என்பது உள்ளே போனபின்னரே தெரியும். ஒரு நாளைக்கென்று விற்கப்படும் சிறு பொதியை மாதம் முழுவதும் வாங்குபவர், மாதப் பொதியை ஒரே தடவையில் வாங்குபவரிலும் பார்க்கக் கூடுதலாகக் கொடுக்கிறார். மாதப் பொதிக்குரிய தொகை ஒரே நாளிற் கையிலிருப்பவருக்கே மலிவு விலை. சீனியை நூறு கிராமாக வாங்குபவனுக்கு இது தெரிந்த கணக்குத்தான்.

அடுத்தது காலாவதி. காசு கொடுத்து வாங்கிய ‘டேட்டா’ தவணை முடிந்ததும் மறைந்துபோகின்றது. அதிலும் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படும் என்று பிரித்துவைத்துப் பெரிய இலக்கமாக விளம்பரப்படுத்தும் வழக்கமும் உண்டு. முன்காசு வாங்கிப் பின்னர் பொருள் ஒப்படைக்கும் வாணிகத்தை இஸ்லாமியச் சட்டம் ‘ஸலம்’ என்று பெயரிட்டு அனுமதிக்கின்றது. பொருளின் அளவும் தன்மையும் ஒப்படைக்கும் தவணையும் ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தவணை என்பது விற்றவனைக் கட்டுப்படுத்துவதற்காக வைக்கப்பட்டது. நம் காலத்துப் பொதியிலோ தவணை வாங்கியவனைக் கட்டுப்படுத்துகின்றது. விற்றவன் கொடுக்காது விட்ட மிகுதி விற்றவனுக்கே சொந்தமாகின்றது. மதரசாவிற் பாடம் கேட்ட எந்தச் சிறுவனுக்கும் இந்தத் தலைகீழ் மாற்றம் விளங்கும்.

இனி, மீதி தீர்ந்த வேளையில் நிறுவனம் தரும் சிறு கடனைப் பார்ப்போம். அவசரத்துக்கு ஒரு தொகை ஏற்றித் தரப்படும்; அடுத்த ரீலோட்டில் அதுவும் சேவைக் கட்டணமும் கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 50 ரூபாய்க்கு 5 ரூபாய் கட்டணம் என்று வைத்து, மூன்று நாளில் அது கழிக்கப்படுவதாகக் கொள்வோம். மூன்று நாளைக்குப் பத்து வீதம். ஆண்டுக் கணக்கில் ஆயிரம் வீதத்தைத் தாண்டிவிடும். மீற்றர் வட்டிக்காரரை ஊரார் பெயர் சொல்லித் திட்டுவார்கள். இவ்வட்டிக்கோ முகமில்லை, அதன் பெயரும் வட்டியன்று, ‘சேவைக் கட்டணம்’. இங்கே இன்னொன்றையும் நோக்குக. நம்ப முடியாதவன் என்று முன்காசு கேட்ட நிறுவனமே, அடுத்த ரீலோட் தன் வழியாகத்தான் வரவேண்டும் என்ற உறுதி கிடைத்தவுடன் அவனுக்குக் கடனும் கொடுக்கின்றது. நம்பிக்கை பிறந்ததனால் அன்று, பிடி கிடைத்ததனால்.

அரசாங்கமும் தன் பங்கை மறக்கவில்லை. 2011ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தொலைத்தொடர்பு அறவீட்டைக் கொண்டுவந்தது. 2016 நவம்பரில் 15 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்தபோது, குரல் அழைப்பின் மீதான வரிகள் எல்லாம் கூடி ஏறக்குறைய 50 சதவீதமாயின. பில் கட்டுவோர் அதனைத் தாளின் அடியில் ஒரு வரியாகக் கண்டனர். ரீலோட் போட்டோர் நூறு ரூபாய் கொடுத்து அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பெறுமதியையே பேசினர். அறவீடு பின்னர் குறைக்கப்பட்டது. ஆயின் பொருளாதாரம் சரிந்த 2022இல் மீண்டும் கட்டணங்கள் ஏறின. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி முதல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு கைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தன. பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்த மாதம் அது. 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று.

இவையெல்லாவற்றின் விளைவையும் ஒரே காட்சியிற் காண வேண்டுமாயின் பெருந்தொற்றுக் காலத்து வகுப்பறையை நோக்க வேண்டும். 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. பாடம் தொலைபேசிக்குள் புகுந்தது. பல்கலைக்கழக மாணவருக்குக் கல்வி ஆய்வு வலையமைப்பின் ஊடாக இலவச இணைப்பு ஏற்பாடாகியது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும் அதனாற் பயன்பெற்றனர். பள்ளிப்பிள்ளையின் நேரடி வகுப்புக்கு அவ்வேற்பாடு கிட்டவில்லை. வீட்டில் ஒரே தொலைபேசி, மூன்று பிள்ளைகள், வாப்பா வேலைக்குப் போகும்போது அத்தொலைபேசியும் போய்விடும். இருக்கும் வீட்டிலும் பாடத்தின் நடுவே மீதி தீர்ந்து பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறையும். இணைப்புக் கெட்டதா, காசு தீர்ந்ததா என்று ஆசிரியருக்குத் தெரியாது. பிற்கொடுப்பனவு வீட்டுப் பிள்ளை கடைசிவரை இருந்தது. இலவசக் கல்வியை 1940களிற் போராடி வென்ற நாட்டிலே, பிள்ளை வகுப்பில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதை அன்று காலை போட்ட ரீலோட் தீர்மானித்தது. 2021 ஜூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்வைத்து இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, பிள்ளைகளின் கல்வி பாழாகின்றதென்று பலர் கண்ணீர் வடித்தனர். அதற்கு முந்திய ஓராண்டுக்கு மேலாக ரீலோட் இல்லாத வீடுகளில் அது பாழாகிக்கொண்டிருந்ததைக் கண்டோர் சிலரே.

முற்கொடுப்பனவுக்காரனின் ஒரே ஆயுதம் விலகிப் போதலாகும். பன்னிரண்டு மாத ஒப்பந்தம் அவனைப் பிடித்துவைத்திருக்கவில்லை. ஓர் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றைப் போடலாம். 2009 ஜனவரியில் எயார்டெல் இலங்கைக்கு வந்து ஐந்து நிறுவனங்கள் மோதிக்கொண்டபோது அவ்வாயுதம் கூர்மையாக இருந்தது. கட்டணங்கள் மளமளவென்று சரிந்தன. உடனே 2010இல் ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணத்தை விதித்தது. அரிசிக்கும் பருப்புக்கும் உச்ச விலை விதிப்பதை அறிந்திருந்த மக்கள், பேச்சுக்கு அடிமட்ட விலை விதிக்கப்பட்டதை அன்றுதான் கண்டனர். போட்டி நிறுவனங்களைக் கடிக்கத் தொடங்கியபோது மட்டும் அரசின் கை நீண்டது என்பது என் கருத்து. பின்னர் நிறுவனங்கள் தாமே ஒன்றையொன்று விழுங்கின. செல்டெல்லாகப் பிறந்து டிகோவாகவும் எடிசலாட்டாகவும் பெயர் மாறியது 2018இல் ஹட்சோடு கலந்தது. 2024 ஜூனில் எயார்டெல் டயலொக்கோடு கலந்தது. ஐந்து மூன்றாயின. 075இல் தொடங்கும் எண்ணை வைத்திருந்தவர், தாம் விலகி ஓடிவந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராக மீண்டும் விழித்தெழுந்தார்.

ஊரிலே இம்முறை நடைபெறும் விதத்தில் எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் வராத ஒரு பகுதி உண்டு. ரீலோட் கடைக்காரர் நிறுவனத்தின் முகவரிடம் முன்காசு கொடுத்தே ஏற்றத் தொகையை வாங்கி வைத்திருக்கிறார். நிறுவனம் அவரையும் நம்புவதில்லை. ஆனால் அவரிடம் வரும் முல்லைக்காரனுக்கும் மீன்காரனுக்கும், கணவன் பணம் அனுப்பும்வரை காத்திருக்கும் பெண்ணுக்கும், “போட்டு விடுறன், பிறகு தாங்க” என்று அவர் கடனுக்கு ஏற்றிவிடுகிறார். மேசை இழுப்பறையில் ஒரு கொப்பி இருக்கின்றது. முகவரிச் சான்றும் வைப்புப் பணமும் இல்லாமல், இன்னார் மகன், இன்ன ஒழுங்கை என்ற அடையாளத்தில், ஊர் தன் முற்கொடுப்பனவைப் பிற்கொடுப்பனவாக மாற்றிக்கொள்கின்றது. அதற்குரிய நட்டம் வந்தால் அது கடைக்காரரின் நட்டம். கழிவாக அவருக்கு நிறுவனம் தருவது நூற்றுக்குச் சில ரூபாய். வாடைக்காலத்தில் அக்கொப்பியின் பக்கங்கள் நிரம்பும். கடல் அடங்கித் தோணிகள் இறங்கியபின், மாரிப்போக நெல் களத்துக்கு வந்தபின், பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்படும். வெட்டப்படாத பெயர்களும் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன.